மலையில் ஒரு துப்பறியும் நாய்: சிறுவர் மர்மக் கதை எழுதும் முறை

துப்பறியும் நாயை வைத்துக் கதை எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். யார் செய்தது என்பது நாய்க்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும். பிறகு மிச்சமுள்ள ஏழு அத்தியாயத்துக்கு என்ன எழுதுவது?

பலர் இதற்கு நாயின் மூக்கையே மறந்துவிடுகிறார்கள். நாய்க்குத் தொப்பி மாட்டி, பூதக்கண்ணாடி கொடுத்து, மனிதர் மாதிரி பேச வைத்துவிடுவார்கள். அப்படி எழுதினால் அது நாய் வேடம் போட்ட மனிதக் கதை. தெருவில் நாய்களோடு வளர்கிற பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரியான வழி வேறு. மூக்கு நாய்க்குச் சொல்வது யார் வந்தார், எந்தப் பக்கம் போனார், என்ன தொட்டார் என்பவற்றை மட்டும்தான். ஏன் செய்தார், எப்படிச் செய்தார், சொன்னது பொய்யா என்பதெல்லாம் மூக்குக்கு எட்டாது. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லவும் நாயால் ஆகாது. ஆகவே மர்மத்தை இரண்டாகப் பிளக்க வேண்டும்: ஒரு பாதி நாயிடம், மறுபாதி கூட இருக்கும் பிள்ளையிடம். இரண்டும் ஒட்டும்போதுதான் பூட்டு திறக்க வேண்டும். யாராவது ஒருவர் தனியாகவே தீர்த்துவிடக்கூடிய கதை என்றால், அந்தக் குற்றத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

இங்கே சொல்வது 8 முதல் 11 வயது வரை உள்ளவர்களுக்கான கதை. எட்டு அத்தியாயம், அத்தியாயத்துக்கு 600 சொல் அளவு, மொத்தம் 5,000 சொல்லுக்குள். களம் நீலகிரி அல்லது கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர். மலை என்பதால் கூடுதல் வேலை உண்டு, கூடுதல் லாபமும் உண்டு.

நாய் எப்படி இருக்க வேண்டும்

சாதாரண நாட்டு நாய்தான் முதல் தேர்வு. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் கடைவீதிகளில் பார்க்கிற நாய்கள் மலைக்குளிருக்கும் மேடு பள்ளத்துக்கும் பழகியவை. எல்லா வீட்டு வாசலும் அவற்றுக்குத் தெரியும். துப்பறிகிறவருக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான்.

தமிழ்நாட்டு இனங்களில் ஒன்றை வைக்க ஆசைப்பட்டால் அதன் இயல்பைத் தெரிந்துகொண்டு வையுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். மோப்பம் அவற்றுக்கும் உண்டு, ஆனால் முயல் ஓடினால் தலையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். அந்தக் குணத்தையே கதைக்குப் பயன்படுத்தலாம், மறைக்கக் கூடாது. இராஜபாளையம் நாய் வெள்ளை வெளேரென்று இருக்கும், மயிர் குட்டை. ஊட்டியின் டிசம்பர் இரவில் வாசலில் காவல் படுக்க வைத்தால் நடுங்கும். அந்த இனத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு. காது கேளாத இராஜபாளையம் துப்பறிவது அருமையான கதையாகும். அதற்குக் கையசைவுச் சைகைகளை முதல் அத்தியாயத்திலிருந்தே பழக்கிக் காட்ட வேண்டும். கோம்பை நாய் தேனிப் பக்கத்து ஊரான கோம்பையின் பெயர் கொண்டது. பழனி மலைக் கதைக்கு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி.

பெயர் சின்னதாக இருக்கட்டும். மணி, மிளகு, பொட்டு என்று, சரிவுக்கு மேலே நின்று கூப்பிட்டால் கீழே கேட்கிற மாதிரி.

மூக்கும் கண்ணும்

மனிதருக்கு வாசனை உணரும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம். நாய்க்கு 10 கோடிக்கு மேல், சில இனங்களில் 30 கோடி வரை. இந்த எண்ணைக் கதையில் எழுத வேண்டாம். ஆனால் எழுதுகிறவர் மனதில் இருக்கட்டும். நமக்குச் சாம்பார் மணக்கும் இடத்தில் நாய்க்குப் பருப்பு, புளி, பெருங்காயம், கிளறிய கை எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

இதனால்தான் வில்லன் நீலகிரித் தைலத்தைக் கொட்டி மோப்பத்தை அழித்துவிட்டான் என்கிற வழக்கமான தந்திரம் பலிக்காது. தைலம் நமக்கு மற்ற வாசனைகளை மூடும். நாய் தைலத்தையும் மோக்கும், அதன் அடியில் இருப்பதையும் மோக்கும். இன்னொன்று, கொட்டியவனின் செருப்பிலேயே தைலம் ஒட்டியிருக்கும். மறைக்கக் கொட்டியதே ஊர் முழுக்க வழி காட்டும் கோடாகிவிடும். அந்தத் தந்திரத்தை வைக்க விரும்பினால் இப்படித் திருப்பிப் போடுங்கள்.

மூக்கு எப்போது சறுக்கும் என்பதுதான் எழுத்தாளருக்கு அதைவிட முக்கியம். மேடேறி இளைத்து, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும் நாயால் நன்றாக மோக்க முடியாது. அது வாயால் மூச்சு விட்டு உடம்பைக் குளிர்விக்கிறது. மோப்பம் மூக்கு வழியாகக் குட்டிக் குட்டி மூச்சாக இழுப்பது. இரண்டும் ஒன்றாக நடக்காது. ஆகவே நூறு படி ஏறியதும் துப்புக் கிடைத்தது என்று எழுதாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்க்கட்டும். சுள்ளென்ற வெயில் தடத்தைக் காயவைக்கும், கொட்டுகிற மழை கழுவிவிடும். லேசான ஈரமும் குளிரும் தடத்தைக் காப்பாற்றும். மூடுபனிக் காலை மோப்பத்துக்கு நல்ல காலை, கண்ணுக்குத்தான் கெட்ட காலை.

கண் விஷயத்தில் தவறு அதிகம் நடக்கிறது. நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பு, மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். நாயே கதை சொல்வதாக எழுதினால் 'சிவப்பு ஸ்வெட்டர் போட்டவன்' என்று அது சொல்லக் கூடாது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் சால்வையில் வெள்ளைத் துணிமேல் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை இருக்கும். நாய்க்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மங்கல்தான். அசல் சால்வையையும் சிவப்பே இல்லாத போலியையும் பக்கத்தில் வைத்தால் நாய் நிறத்தால் பிரிக்காது, வாசனையால் பிரிக்கும். பிள்ளை நிறத்தால் பிரிப்பாள். மர்மத்தைப் பிளக்க இதைவிட வசதியான இடம் ஏது?

நாயின் உடம்பு பேசுவதைத் தெளிவாக எழுதுங்கள். தரையை ஒட்டி மூக்கு இருந்தால் காலடித் தடத்தில் போகிறது. தலையைத் தூக்கி மூக்கை ஆட்டினால் காற்றில் வருவதைப் பிடிக்கிறது. தடம் விட்டுப்போனால் வட்டமடிக்கும், குறுக்கும் நெடுக்கும் வரும். சம்பந்தமில்லாமல் கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் சங்கடத்தின் அடையாளம். முதுகு மயிர் சிலிர்த்தால் கோபம் என்று மட்டும் பொருளில்லை, பயமாகவும் இருக்கலாம். இவற்றில் மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, கதை முழுக்க ஒரே பொருளில் வையுங்கள். ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வாசிக்கிற பிள்ளைக்கே நாய்ப்பாஷை பழகிவிடும். யாரும் சொல்லாமலே 'இது காற்றில் பிடிக்கிறது' என்று அவள் புரிந்துகொள்வாள்.

மலைக்காற்று தரும் கடிகாரம்

சமவெளிக் கதைக்குக் கிடைக்காத வரம் இது. வானம் தெளிவாக இருக்கும் நாளில், வெயில் ஏறிய பிறகு சரிவு சூடாகும். அதை ஒட்டிய காற்று லேசாகி மேல்நோக்கி ஏறும். பொழுது சாய்ந்தால் சரிவு குளிரும், கனத்த குளிர்காற்று கீழே பள்ளத்தை நோக்கி இறங்கும். அதாவது காலை பத்து மணிக்குப் பள்ளத்தில் இருப்பதன் வாசனை மேலே உள்ள ஊருக்கு வரும். இரவு எட்டு மணிக்கு அதே வாசனை ஊருக்கு எதிர்த்திசையில் வழிந்துபோகும். ஒரே நாய், ஒரே இடம்: இரவில் ஒன்றும் தெரியாது, காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

வாசகரை ஏமாற்றாமலே நாயின் கண்டுபிடிப்பைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போட இது உதவும். ஆனால் நிபந்தனை உண்டு. மேகம் மூடிய நாளிலும் தென்மேற்குப் பருவக்காற்று அடித்து வீசும் நாளிலும் இந்த ஒழுங்கு இருக்காது. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. கதை நடக்கும் மாதத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, ஊருக்கு ஏற்ற வானத்தைப் போடுங்கள்.

உறைபனியும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியைச் சுற்றியுள்ள தலைகுந்தா போன்ற பள்ளங்களில் விடியற்காலைப் புல் வெள்ளையாக இருக்கும். குளிர்காற்று தங்குவது பள்ளத்தில்தான். அதனால் மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் உறைபனியைக் கொட்டி வைக்காதீர்கள். உறைந்த புல்லில் யாராவது நடந்தால் புல் நசுங்கி, வெயில் வந்தபின் அந்தக் காலடிகள் மட்டும் பழுப்பாகத் தெரியும். பனி கரைந்த பிறகும் சாட்சி நிற்கும். பத்து வயதுப் பிள்ளை தானே கவனித்துச் சொல்லக்கூடிய துப்பு இது.

ஒரு குற்றத்தை முழுசாகக் கட்டிப்பார்ப்போம்

மேலே சொன்னதெல்லாம் ஒன்று சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு மாதிரிக் கதை. குன்னூர்ப் பக்கம் சரிவில் ஒரு சிற்றூர். சித்திரை மாதம், பள்ளி விடுமுறை. கோடை மழைக்குப் பிறகு தேயிலைக் கொழுந்து நிறைய வருகிறது. ரஞ்சனிக்குப் பத்து வயது. அவள் பாட்டிக்கு அரை ஏக்கர் தேயிலை. நாயின் பெயர் மிளகு.

எப்போதும் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் உண்மையில் நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். சாயங்காலம் எடை போடும் கொட்டகையில் பாட்டியின் நாலு மூட்டை எடை போட்டாயிற்று, சீட்டும் கொடுத்தாயிற்று. கொட்டகையில் வேலை பார்க்கும் பாபு, மூட்டைகளை உள்ளே இழுத்து வைக்காமல் திண்ணை ஓரத்திலேயே விட்டுவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான். ஒரு மூட்டை உருண்டு சரிவில் இறங்கி உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்தது. இரவு லாரி மூன்று மூட்டைதான் ஏற்றிக்கொண்டு போனது. பயந்துபோன பாபு விடிந்ததும் தன் வீட்டுத் தோட்டத்தில் கத்தரியால் கொழுந்து வெட்டி, ஒரு சாக்கில் நிரப்பி, ரோட்டோர வடிகாலில் போட்டான். ஒன்பது மணிக்குத் தானே அதைக் 'கண்டுபிடித்து', திருடன் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றான்.

இப்போது துப்புகள். ஒரே அளவு கஷ்டத்தில் வைக்காதீர்கள். சுலபமானது ஒன்று: சீட்டில் இருக்கும் எடையைவிட கிடைத்த மூட்டை குறைவு. நடுத்தரமானது ஒன்று: பாட்டி கையால் கிள்ளுகிறவர், இரண்டு இலை ஒரு மொட்டு. கிடைத்த மூட்டையில் பாதி இலைகள் நடுவில் நேராக அறுபட்டிருக்கின்றன, முற்றிய காம்பும் கிடக்கிறது. அது கத்தரி வேலை. கடினமானது ஒன்று: ரஞ்சனி சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுகிறாள், உள்ளே சில்லென்று இருக்கிறது.

இந்த மூன்றாவதுதான் கதையின் ஆணி. பறித்த கொழுந்துக்கு உயிர் இருக்கும். அது மூச்சு விட்டுக்கொண்டே சூட்டை வெளிவிடும். காற்றோட்டமாகப் பரப்பி வைத்தால் சூடு போய்விடும். தொழிற்சாலையில் வாட்டும்போது அதனால்தான் மெல்லிசாகப் பரப்பிக் காற்று விடுகிறார்கள். சாக்கில் திணித்து இரவு முழுக்க வைத்தால் நடுப்பகுதி கதகதவென்று ஆகி, நசுங்கிய இலை சிவக்க ஆரம்பித்துவிடும். நேற்றைய மூட்டை உள்ளே சில்லென்றும் பச்சையாகவும் இருக்க வழியே இல்லை.

இதை முடிவில் திடீரென்று விளக்கினால் அது ஏமாற்று. இரண்டாம் அத்தியாயத்திலேயே விதைக்க வேண்டும், அதுவும் துப்பு மாதிரி தெரியாமல். பாட்டி லாரி வரவில்லையே என்று புலம்புகிறார்: "சாக்குல அடைச்சு வெச்சா கொழுந்து வெந்துரும்டீ, கையை விட்டுப் பாரு." ரஞ்சனி கையை விட்டு, "அய்ய, சுடுது பாட்டி" என்கிறாள். கூடவே மிளகு சாக்கில் காலைத் தூக்கப் போகிறது, பாட்டி விரட்டுகிறார். பிள்ளைகள் அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொண்டு சூட்டை மறந்துவிடுவார்கள். மறந்ததுபோல் இருக்கும், ஏழாம் அத்தியாயத்தில் பளிச்சென்று எழும்.

நாயின் பாதி இது. இரவு டார்ச்சோடு தேடும்போது மிளகு கொட்டகையைச் சுற்றுகிறது, வட்டமடிக்கிறது, சரிவின் பக்கம் திரும்புவதில்லை. காற்று கீழே இறங்குகிறது. மறுநாள் பத்து மணிக்கு அதே இடத்தில் தலையைத் தூக்கி மூக்கை ஆட்டுகிறது, சரிவில் இறங்கி இழுக்கிறது. இரவெல்லாம் புழுங்கிய கொழுந்தின் வாடை வெயில் காற்றோடு ஏறி வருகிறது. புதருக்குள் அசல் மூட்டை. மிளகுக்கு அதன் சிவப்பு தெரியாது, வாடை தெரியும். ரஞ்சனிக்கு வாடை கடைசியில்தான் எட்டும், சிவப்பு உடனே தெரியும்.

பாபு மேல் மிளகு ஏன் பாயவில்லை? பாயக் கூடாது. வடிகால் மூட்டையில் பாபுவின் வாசனை இருக்கிறது. ஆனால் ஊரின் எல்லா மூட்டையையும் தூக்குகிறவன் அவன்தானே! அந்த வாசனையால் எதுவும் நிரூபணமாகாது. மிளகு அவனைப் பார்த்து வாலாட்டுகிறது, தினமும் பொறை பிஸ்கட் போடுகிறவன் ஆயிற்றே. வாலாட்டினால் நல்லவன், குரைத்தால் கெட்டவன் என்கிற சோம்பேறிக் கணக்கை இந்த இடத்தில் உடைத்துவிடலாம்.

ஒரு துப்பை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டிருக்கிறோம். இரவெல்லாம் வெளியில் கிடந்த சாக்கின் மேல்பக்கம் பனியில் நனைந்திருக்கும், புதுச் சாக்கு காய்ந்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூட்டை கிடைப்பது ஒன்பது மணிக்கு; வெயில் பட்ட வடிகாலில் அதற்குள் எல்லாம் காய்ந்துவிடும். இதை வைக்க ஆசை என்றால் கண்டுபிடிப்பை ஏழு மணிக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் பாபு ஒரு மூட்டை வெட்ட நேரம் போதாது. இப்படி ஒன்றை இழுத்தால் மூன்று அவிழும். அதற்காகத்தான் கோடு போட்ட தாள் வேண்டும். நாலு பத்தி: மணி, உண்மையில் நடந்தது, காற்றும் நாயும், பிள்ளை கண்டது. அரை மணிக்கு ஒரு வரி. அந்தத் தாள் நிரம்பாமல் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.

அத்தியாயப் பங்கீடு இப்படி வரும். ஒன்றாவதில் நாயும் ஊரும். இரண்டாவதில் கொழுந்து, எடை, விதைக்கும் துப்பு. மூன்றாவதின் கடைசி வரியில் மூட்டை காணவில்லை. நாலில் இரவுத் தேடல் தோற்கிறது. ஐந்தில் வடிகால் மூட்டை, ஊருக்கு நிம்மதி, ரஞ்சனிக்கு மட்டும் உறுத்தல். ஆறில் தப்பான ஆள்மேல் சந்தேகம். ஏழில் மிளகு சரிவில் இறங்குகிறது. எட்டில் ரஞ்சனி பேசுகிறாள். அவள் ஊர்க்கூட்டத்தில் விரல் நீட்டாமல் பாட்டியிடமும் பாபு அண்ணனிடமும் தனியாகப் பேசுவது நல்லது. சின்ன ஊரில் ஒரு இளைஞன் பயத்தில் செய்த காரியம் அது. அவன் மறுநாளும் அங்கேதான் மூட்டை தூக்க வேண்டும்.

சந்தேகத்துக்குரியவர்களும் பொய்த் தடங்களும்

மூன்று பேர் போதும், நாலு அதிகபட்சம். ஐந்தாவது ஆள் வந்தால் இந்த வயதில் பெயர் குழம்பும். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், ஒரு மறைப்பு வேண்டும். குற்றம் செய்யாதவரும் எதையாவது மறைக்கட்டும்.

மலையில் விலங்குகளே நல்ல பொய்த் தடம் போடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயிலில் நுழைந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகள் செய்தியாகவே வந்திருக்கின்றன. இரவோடு இரவாகக் காலியாகும் விளக்கு, கீறிய கதவு: அது தனியாகவே ஒரு கதை. கேரட் பாத்தியைக் கிளறுவது முள்ளம்பன்றி அல்லது காட்டுப்பன்றி. செந்நாய் நம் நாய் மாதிரி குரைத்துக் கூப்பிடாது, விசில் அடிக்கும். முதுமலைப் பக்கம் நடக்கும் கதையில் இரவில் யாரோ விசில் அடிக்கும் மர்மத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை. பழனி மலை என்றால் பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு இருக்கிறது, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டு திருட்டு மோப்பக் கதைக்கு மிகச் சுலபமாகிவிடும் என்பதுதான் சிக்கல்: திருடனை மனித மூக்கே பிடித்துவிடும். ஆகவே அங்கே கேள்வி யார் என்பதாக இருக்கக் கூடாது. ஊர் முழுக்கப் பூண்டு மணக்கும்போது எந்த வீட்டுப் பூண்டு என்பதாக இருக்கட்டும்.

மறுக்க முடியாத மலை நேரங்களையும் பயன்படுத்துங்கள். முதுமலை, பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை சாதாரண வண்டிகளுக்கு மூடியிருக்கும். "ராத்திரி பத்து மணிக்கு அந்த வழியா கார்ல மைசூர் போனேன்" என்கிறவர் பொய் சொல்கிறார். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. சமகாலக் கதையில் வெளியூர்க்காரர் வந்த தடம் பதிவிலும் இருக்கும். மேட்டுப்பாளையம் ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அந்தப் பகுதியில் மேலே வரும்போது "எஞ்சினைப் பார்த்துக்கிட்டே முன்பெட்டியில வந்தேன்" என்று ஒருவர் சொன்னால் ரயிலில் ஏறாத ஆள்.

பழைய காலத்தில் கதை வைப்பவர்கள் ஆண்டைச் சரிபாருங்கள். ரயில் குன்னூருக்கு வந்தது 1899, ஊட்டிக்கு 1908. கொடைக்கானலுக்கு ரயிலே கிடையாது, கீழே கொடை ரோடு நிலையத்தில் இறங்கித்தான் மலை ஏற வேண்டும். கொடைக்கானல் ஏரி 1863-இல் உண்டாக்கியது. அதற்கு முந்தைய கதையில் படகு விடாதீர்கள். கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 2022 கோடைக் கதையில் மலை முழுக்கக் குறிஞ்சி பூத்தால் பிள்ளைகள் விட்டாலும் ஆசிரியர்கள் விடமாட்டார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பளியர் ஆகிய பழங்குடியினரை மந்திரம் தெரிந்தவர்களாகவோ, முதல் சந்தேகத்துக்குரியவர்களாகவோ, நாய்க்கு வழிகாட்ட மட்டும் காட்டிலிருந்து முளைக்கும் பெரியவராகவோ எழுதாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் இதே பள்ளியில் இதே புத்தகத்தைப் படிப்பார்கள். அவர்களில் ஒரு பிள்ளையைத் துப்பறிகிறவராக வைக்க விரும்பினால், அச்சுக்குப் போகும் முன் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

வாசனையை எழுதும் மொழி

'ஒரு வித்தியாசமான வாசனை வந்தது' என்ற வரி நாய்க் கதையில் வரவே கூடாது. மண்ணெண்ணெய்க்கு நெடி, மீனுக்கு வீச்சம், பச்சை இறைச்சிக்குக் கவிச்சி, கெட்டுப்போன சோற்றுக்கு ஊசல், ஈரச் சாக்குக்கு மக்கல் வாடை என்று பிள்ளைகள் வீட்டில் கேட்கும் சொற்களே போதும். ஒரு பத்தியில் இரண்டு வாசனைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தால் மூன்றும் மறந்துபோகும்.

கதை நடையை எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் வையுங்கள். வாக்கியம் எட்டுப் பத்துச் சொல்லுக்குள். ஊர்ச் சொற்களை மாற்றாதீர்கள்: கொழுந்து, லைன் வீடு, கொண்டை ஊசி, காட்டெருமை. மலையில் இருப்பவர்கள் மேட்டுப்பாளையம் போவதைக் 'கீழே போறோம்' என்பார்கள், 'சமவெளிக்குச் செல்கிறோம்' என்பதில்லை. நாய்க்கு லொள், வள், உர்ர், குய் நாலும் நாலு மனநிலைக்கு. எல்லாவற்றுக்கும் லொள் லொள் என்று போட்டால் நாய்ப்பாஷை கற்றுக்கொடுத்த உழைப்பு வீணாகும்.

பிள்ளைகள் அப்படியே செய்வார்கள்

கதையில் படித்ததைத் தம் நாயிடம் செய்து பார்ப்பார்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள். ஊட்டியும் கொடைக்கானலும் சாக்லேட்டுக்குப் பெயர்போனவை. வழக்கைத் தீர்த்த நாய்க்குச் சாக்லேட் பரிசு கொடுக்கும் காட்சி எழுதக் கை வரும். எழுதாதீர்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். வெங்காயம், பூண்டு, திராட்சையும் ஆகாது. பரிசுக்கு ஊட்டி கேரட் துண்டு அல்லது வேகவைத்த முட்டை கொடுங்கள்.

இருட்டியபின் பிள்ளையும் நாயும் தனியாகத் தேயிலைக்குள் போகக் கூடாது. சிறுத்தை நாயைத் தூக்கிப்போவது இந்த மலைகளில் நடப்பதுதான். மேலே உள்ள இரவுத் தேடலில்கூடப் பெரியவர்கள் டார்ச்சோடு கூட வருகிறார்கள், கொட்டகையை விட்டு நகர்வதில்லை. தெரியாத நாயைத் தொடும் காட்சி இருந்தால், கேட்டுவிட்டுத் தொடட்டும். நாய் கடிக்கும் காட்சி வந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசி போடப் போவதையும் கூடவே எழுதுங்கள். குன்னூரில் 1907 முதல் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு நீண்ட தொடர்பு உண்டு. கதையில் வரும் ஊரே நல்ல சாக்கு கொடுக்கிறது. துப்பறியும் நாய்க்கும் தடுப்பூசி போட்டாயிற்று என்று முதல் அத்தியாயத்தில் ஒரு வரி சேருங்கள்.

வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது

எழுதி முடித்ததும் பத்துப் பிள்ளைகளுக்கு ஏழு அத்தியாயம் மட்டும் உரக்க வாசியுங்கள். நிறுத்திவிட்டு, யார், எப்படித் தெரியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நான்கு பேர் சரியான ஆளையும் ஏதாவது ஒரு சரியான துப்பையும் எழுதினால் கதை நிற்கிறது. எல்லோரும் எழுதினால் விதை ரொம்பத் துருத்திக்கொண்டிருக்கிறது, அதன்மேல் இன்னொரு சிரிப்போ சண்டையோ போடுங்கள். ஒருவரும் எழுதவில்லை என்றால் துப்பை இன்னொரு முறை, வேறு ஆள் வாயில் வர வையுங்கள். ஆள் சரி, காரணம் 'நாய் குரைத்தது' என்று பெரும்பாலோர் எழுதியிருந்தால் பிள்ளையின் பாதி பலவீனமாக இருக்கிறது. அப்போது நாயின் காட்சிகளைத் தொடாமல், ரஞ்சனி கையை விட்டுப் பார்க்கும் இரண்டு காட்சிகளையும் திரும்ப எழுதிவிட்டு, வேறு பத்துப் பேருக்கு வாசியுங்கள்.